சின்னப் போர் விமானம், பெரிய பில்: தேஜஸா, எஃப்ஏ-50யா, ஜேஎஃப்-17ஆ, பழைய எஃப்-16ஆ?

சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் ஒரு தொல்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருப்போம். தலைக்கு மேல் ஒரு தேஜஸ் போகும். பேச்சு நின்றுவிடும். சத்தம் அடங்கிய பிறகு எங்கே விட்டோம் என்பது இரண்டு பேருக்குமே நினைவிருக்காது.

இன்னொரு தொல்லை, ஊர்ப் பெயரைச் சொன்னதும் வரும் கேள்விகள். மலேசியாவில் கிள்ளானில் இருக்கும் என் அத்தை மகன் 2023இலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்: "மச்சான், எங்க கவர்மெண்ட் ஏன் உங்க தேஜஸை விட்டுட்டு கொரியாக்காரன்கிட்ட போச்சு?" இங்கே காங்கயம்பாளையம் டீக்கடையில் கேள்வி வேறு: "இத்தனூண்டு விமானத்துக்கு அறுநூறு கோடியா?" கல்லூரிப் பையன்கள் அர்ஜென்டினாவைக் காட்டுகிறார்கள். அந்த நாடு 24 எஃப்-16 விமானங்களை 30 கோடி டாலருக்கு வாங்கிவிட்டதாம்.

மூன்றும் அடியில் ஒரே கேள்விதான். கையில் இருக்கும் காசு கொஞ்சம், இலகு ரகப் போர் விமானம் வேண்டும். இந்தியாவின் தேஜஸ், தென் கொரியாவின் எஃப்ஏ-50, பாகிஸ்தானும் சீனாவும் சேர்ந்து செய்த ஜேஎஃப்-17, அமெரிக்காவின் பழைய எஃப்-16, இந்த நாலில் எதை வாங்குவது? நான் விமானியும் இல்லை, படையில் இருந்தவனும் இல்லை. வெளிவந்த ஒப்பந்தத் தொகைகளை வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

## எதை வைத்து அளப்பது

வேகத்தை வைத்து அல்ல. எஃப்-16 ஒலியைப் போல இரண்டு மடங்கு, தேஜஸும் ஜேஎஃப்-17உம் 1.6 மடங்கு, எஃப்ஏ-50 ஒன்றரை மடங்கு என்று எல்லாரும் முதலில் இதைத்தான் போடுவார்கள். ஆனால் ஆஃப்டர்பர்னரை (கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் கூட்டும் அமைப்பு) போட்டுக்கொண்டு அந்த வேகத்தில் போனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாங்க் காலியாகிவிடும். அன்றாடப் பறப்பெல்லாம் ஒலி வேகத்துக்குக் கீழேதான் நடக்கும்.

முதலில் கேட்க வேண்டியது, அந்த நாட்டுக்கு வேலை என்ன என்பது. எல்லையில் அத்துமீறும் விமானத்தை மறிப்பதா, காட்டில் இருக்கும் கிளர்ச்சிக்காரர்கள் மேல் குண்டு போடுவதா, பெரிய விமானத்துக்குப் போகுமுன் இளம் விமானிகளைத் தயார் செய்வதா? இரண்டாவது முழு விலை. மூன்றாவது, கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து எத்தனை வருடத்தில் ஓடுதளத்தில் வந்து நிற்கும். நான்காவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: சாவி யாரிடம்? எஞ்சின் ஒரு நாடு, ஏவுகணை ஒரு நாடு, விமானி உட்காரும் சீட் வேறொரு நாடு. இதில் ஒருவர் முகம் சுளித்தாலும் விமானம் ஹேங்கரில்தான் நிற்கும்.

இன்னொன்று, வயிறு. சின்ன விமானத்தின் பிறவிக் குறை அது. தேஜஸின் உடலுக்குள் கொள்ளும் எரிபொருள் சுமார் இரண்டரை டன். வெளியே சாமான் தொங்கவிட எட்டு இடம். அதில் ஒன்று குறிபார்க்கும் கருவிக்கு. கொஞ்ச தூரம் போக வேண்டுமென்றால் இரண்டு இடத்தில் கூடுதல் எரிபொருள் டாங்க் மாட்ட வேண்டும். ஏவுகணைக்கும் குண்டுக்கும் மிச்சம் ஐந்து. விளம்பரப் படத்தில் எல்லா இடத்திலும் ஏவுகணை தொங்கும்; அப்படிக் கிளம்பினால் தூரம் போக முடியாது. இந்தக் கணக்கு நாலு விமானத்துக்கும் கொஞ்சம் கூடக் குறையப் பொருந்தும், எஃப்-16க்கு மட்டும் சற்றுத் தாராளம்.

## ஷோரூம் விலையும் ஆன்ரோடு விலையும்

பைக் வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் இந்திய அரசு 83 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்குச் சுமார் 48,000 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. வகுத்தால் ஒன்று 578 கோடி. கூச்சல் எழுந்தது. அப்போது தேஜஸைத் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல்.லின் தலைவர் கணக்கைப் பிரித்துக் காட்டினார். ஒற்றை இருக்கை விமானத்தின் அடிப்படை விலை 309 கோடி, பயிற்சி வகை 280 கோடி. 83க்கும் சேர்த்தே சுமார் 25,000 கோடிதான். தளங்களில் வேண்டிய கருவிகள், கட்டமைப்பு இவற்றுக்கு 11,000 கோடி. சுங்கம், ஜி.எஸ்.டி. 7,000 கோடி. மீதி வடிவமைப்புச் செலவு, டாலர் ஏற்ற இறக்கம் இந்த வகையறா.

ஆக, விமானத்தின் விலை பாதிதான். இந்தப் பிளவை மற்ற நாடுகள் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை என்பதால், எந்த ஒப்பந்தச் செய்தியைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது "இதில் என்னென்ன அடக்கம்" என்ற வரியைத்தான். ஏவுகணை அடக்கமா? விமானிப் பயிற்சி? எத்தனை வருட உதிரிபாகம்? அது தெரியாமல் இரண்டு தொகைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வெறும் சண்டைதான் மிஞ்சும்.

வாங்கிய பிறகு பறக்கிற செலவு தனி. 2012இல் ஜேன்ஸ் என்ற ராணுவத் தகவல் நிறுவனம் போட்ட ஒரு கணக்கில் ஸ்வீடனின் கிரிப்பன் ஒரு மணி நேரம் பறக்க 4,700 டாலர், எஃப்-16க்கு 7,000, இரட்டை எஞ்சின் ரஃபேலுக்கு 16,500. அந்த ஆய்வைக் கேட்டு வாங்கியது கிரிப்பனைச் செய்கிற சாப் நிறுவனம்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆனாலும் ஒற்றை எஞ்சினுக்கும் இரட்டை எஞ்சினுக்கும் உள்ள இடைவெளி அதில் நன்றாகத் தெரிகிறது. சின்ன விமானத்தின் லாபம் வாங்குகிற நாளில் இல்லை, அடுத்த முப்பது வருடத்தில் இருக்கிறது.

| | தேஜஸ் மார்க் 1ஏ | எஃப்ஏ-50 | ஜேஎஃப்-17 பிளாக் 3 | பழைய எஃப்-16 |
|---|---|---|---|---|
| எஞ்சின் | அமெரிக்க எஃப்404 | அமெரிக்க எஃப்404 | ரஷ்ய ஆர்டி-93 | அமெரிக்க எஃப்100 |
| இருக்கை | ஒன்று. பயிற்சி வகை இரண்டு | எப்போதும் இரண்டு | ஒன்று. இரட்டை வகை தனி | இரண்டு வகையும் உண்டு |
| ரேடார் | ஏசா | பழையதில் சாதாரணம், புதிய பிளாக் 20இல் ஏசா | ஏசா | தட்டு திரும்பும் பழைய வகை |
| எஜெக்‌ஷன் சீட் (ஆபத்தில் விமானியை வெளியே தள்ளிக் காப்பாற்றும் இருக்கை) | பிரிட்டன் | பிரிட்டன் | பாகிஸ்தான் வகையில் பிரிட்டன் | அமெரிக்கா |
| ஒப்பந்தத் தொகையை வகுத்தால் | சுமார் 7.3 கோடி டாலர் (2025) | 5.1 முதல் 6.2 கோடி டாலர் | 6 (பழைய பிளாக் 2) முதல் 11.5 கோடி டாலர் | 1.25 கோடி டாலர், கூடவே ஒரு நீண்ட பட்டியல் |

(ஏசா என்றால், தட்டைத் திருப்பாமலே மின்னணு முறையில் பல திசைகளைப் பார்க்கும் ரேடார். இன்றைக்கு அது இல்லாமல் தூரத்து ஏவுகணைச் சண்டைக்குப் போவது கண்ணாடி இல்லாமல் பேருந்து போர்டு படிப்பது போல.)

## தேஜஸ் மார்க் 1ஏ

1983இல் அனுமதி, 2001 ஜனவரி 4இல் முதல் பறப்பு, 2016இல் முதல் ஸ்குவாட்ரன் (போர் விமானப் பிரிவு). இந்த மூன்று தேதிகளிலேயே அதன் பெருமையும் சிறுமையும் இருக்கின்றன. 2018இல் அந்த ஸ்குவாட்ரன் எங்கள் ஊருக்கு வந்தது, 2020 மேயில் இரண்டாவதும் வந்தது. பின்னால் கிடைமட்டச் சிறகு கிடையாது, முக்கோணச் சிறகு மட்டும்தான். அதனால் கீழேயிருந்து பார்த்தால் பட்டம் போல இருக்கும். நீளம் 13.2 மீட்டர், வெளியூர் பேருந்தைவிட ஒரு ஆள் நீளம் கூட, அவ்வளவே.

இதன் பலம் சாவியில் இருக்கிறது. கணினி மென்பொருளும் கட்டுப்பாட்டு அமைப்பும் நம்முடையவை. அதனால் 2023 ஆகஸ்டில் கோவாவுக்கு அப்பால் நம் நாட்டு அஸ்திரா ஏவுகணையை தேஜஸிலிருந்து ஏவியபோது எந்த வெளிநாட்டு நிறுவனத்திடமும் மென்பொருளைத் திறந்துவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டு விமானத்தில் உங்கள் ஏவுகணையை மாட்ட வேண்டுமென்றால் அதற்குத் தனி ஒப்பந்தம், தனிக் காசு, தனிக் காத்திருப்பு. மார்க் 1ஏயின் சிறகுகளை எல் அண்டு டி கோவையில் செய்து கொடுக்கிறது. டீக்கடைக் கேள்விக்கு என் பதில் பாதி இதுதான்: அந்த அறுநூறு கோடியில் ஒரு பங்கு பக்கத்து ஊரிலேயே சம்பளமாகச் சுற்றுகிறது.

ஆனால் இதயம் அமெரிக்காவுடையது. 2021இல் 99 எஃப்404 எஞ்சின்களுக்கு ஆர்டர் போட்டார்கள். அதைச் செய்யும் அமெரிக்க ஜிஇ நிறுவனம் அந்த எஞ்சின் வரிசையை ஏற்கெனவே மூடியிருந்தது. திரும்பத் திறந்து முதல் எஞ்சினைக் கொடுக்க 2025 மார்ச் ஆகிவிட்டது. விமானம் 2024இலேயே வரத் தொடங்கியிருக்க வேண்டும். 2025 முடிகிற வரை ஒரு மார்க் 1ஏகூடப் படையின் கைக்கு வரவில்லை. 2025 பிப்ரவரியில் ஏரோ இந்தியா கண்காட்சியில் விமானப்படைத் தளபதியே எச்.ஏ.எல். மீது நம்பிக்கை வரவில்லை என்று சொன்னது கேமராவில் பதிவாகி ஊரெல்லாம் பரவியது. அதே வருடம் செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்றது. 42 ஸ்குவாட்ரன் இருக்க வேண்டிய இடத்தில் 29. தாமதத்துக்கு விலைப்பட்டியலில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் கட்டுவது நாம்தான். அந்த மாதமே அரசு இன்னும் 97க்கு 62,370 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது, வரி தனி.

விபத்துகளையும் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் ஜெய்சல்மேர் அருகே ஒன்று, விமானி குதித்துத் தப்பினார். 2025 நவம்பர் 21இல் துபாய் விமானக் கண்காட்சியில் ஒன்று, விமானி இறந்தார். வாங்க வந்தவர்கள் கண் முன்னால் நடந்தது என்பதால் ஏற்றுமதிப் பேச்சுக்கு அது பெரிய அடி. எஃப்-16 எத்தனையோ விழுந்திருக்கிறது. ஆனால் அது ஆயிரக்கணக்கில் விற்றுவிட்ட விமானம்.

இந்தியாவைப் போலச் சொந்தமாக ஏவுகணை செய்கிற, பொறுத்திருக்க முடிகிற, பெரிய எண்ணிக்கையில் வாங்குகிற நாட்டுக்கு தேஜஸ் சரி. பன்னிரண்டே விமானம் வாங்கி அடுத்த வருடமே பறக்க வேண்டிய நாட்டுக்கு இன்றைய நிலையில் நான் சொல்ல மாட்டேன்.

## எஃப்ஏ-50

தென் கொரியாவின் கேஏஐ, அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டினுடன் சேர்ந்து செய்த டி-50 பயிற்சி விமானத்தின் போர் வடிவம் இது. பிறப்பிலேயே இரட்டை இருக்கை. காலையில் வாத்தியார், சாயங்காலம் சிப்பாய்.

அத்தை மகனின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. மலேசியா கேட்டது வெறும் போர் விமானம் அல்ல, பயிற்சிக்கும் சேர்த்து ஒன்று. பழைய ஹாக், எம்பி-339 விமானங்கள் இரண்டின் வேலையையும் அது பார்க்க வேண்டும். 2023இல் 18 எஃப்ஏ-50க்கு 92 கோடி டாலர் என்று முடிந்தது. அந்தக் கையெழுத்து நாளில் தேஜஸ் மார்க் 1ஏ வானத்தில் ஏறியிருக்கவே இல்லை. அதன் முதல் பறப்பு 2024 மார்ச் 28. கொரியாக்காரரோ போலந்துக்கு 2022 செப்டம்பரில் கையெழுத்துப் போட்டு, 2023 முடிவதற்குள் 12 விமானங்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். இருப்பதைக் காட்டி விற்பவரோடு வரப்போவதைச் சொல்லி விற்பவர் போட்டிபோட முடியாது.

சரி, மறைந்திருக்கும் செலவு எங்கே? போலந்துக்கு வேகமாக வந்த 12உம் அடிப்படை வகை. தூரத்து ஏவுகணை கிடையாது. ஏசா ரேடாரும் அமெரிக்காவின் தூரத்து ஏவுகணையான ஏஐஎம்-120உம் கொண்ட வகைக்குத் தனியாகக் காத்திருக்க வேண்டும். மொத்தம் 48க்கு 300 கோடி டாலர். விலையும் அதே இடத்தில் நிற்கவில்லை. பிலிப்பைன்ஸ் 2014இல் 12 வாங்கியபோது 42 கோடி டாலர். 2025இல் அதே 12 எண்ணிக்கைக்கு, மேம்பட்ட வகை என்றாலும், 70 கோடி டாலர்.

பிலிப்பைன்ஸ் அனுபவம் இன்னொரு வகையிலும் பாடம். 2017இல் மராவி நகரச் சண்டையில் எஃப்ஏ-50களும் குண்டு போட்டன. அதில் ஒரு குண்டு இலக்குத் தவறி விழுந்து அவர்கள் படையினரே இரண்டு பேர் இறந்தார்கள். 2025 மார்ச்சில் ஒரு விமானம் மலையில் மோதி இரண்டு விமானிகள் இறந்தார்கள். அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் இன்னும் 12 கேட்டார்கள். அந்த வேலைக்கு அது ஒத்துவந்தது என்றுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

## ஜேஎஃப்-17

மலிவு என்ற பெயரை வைத்தே இது பாதி விற்கிறது. பாகிஸ்தானும் சீனாவும் சேர்ந்து செய்தது, 2003இல் முதல் பறப்பு. பிளாக் 3இல் ஏசா ரேடாரும் சீனாவின் பிஎல்-15 ஏவுகணையும் உண்டு. ஏவுகணை வீச்சைக் கணக்கில் எடுத்தால் எஃப்ஏ-50ஐ விட இதன் கை நீளம். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஆன்ரோடு விலையைப் பாருங்கள். நைஜீரியா மூன்றே மூன்று வாங்க ஒதுக்கியது 18.4 கோடி டாலர்: ஒன்று 6 கோடிக்கு மேல். அஜர்பைஜான் 40க்கு 460 கோடி டாலர் என்று 2025இல் பாகிஸ்தான் அரசு அறிவித்தது: ஒன்று 11.5 கோடி, ஆயுதம், பயிற்சி எல்லாம் சேர்த்து. மலிவு எங்கே போயிற்று? எஞ்சின் ரஷ்யாவுடையது, புகை கக்கும். ரஷ்யா மீது தடை இருக்கும் வரை அதன் உதிரிபாகம் ஒரு தலைவலி.

அமெரிக்கா எதையும் விற்காது என்று தெரிந்த நாடுகளுக்கும், சீன ஏவுகணைகளை ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும் இது நியாயமான தேர்வு. அண்டை வீட்டுக்காரருக்குப் பிடிக்காவிட்டால் கதை வேறு. இலங்கை ஒரு கட்டத்தில் இதை வாங்க யோசித்தது, டெல்லி எதிர்ப்புத் தெரிவித்தது. கடைசியில் 2021இல் கையில் இருந்த ஐந்து பழைய கிஃபிர் போர் விமானங்களைப் புதுப்பிக்க இஸ்ரேலுக்கு 5 கோடி டாலர் கொடுத்தது. எதையும் வாங்காமல் இருப்பதும் ஒரு வழிதான், பட்டியலில் யாரும் போடுவதில்லை.

## செகண்ட் ஹேண்ட் எஃப்-16

அர்ஜென்டினா இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பது முழுதாகச் சொல்ல வேண்டிய கதை. 2015இல் அவர்களுடைய மிராஜ் போர் விமானங்கள் ஓய்வு பெற்றன. அதற்குப் பிறகு ஒலியை மிஞ்சும் விமானமே இல்லை. கிரிப்பன் பார்த்தார்கள், எஃப்ஏ-50 பார்த்தார்கள், ஜேஎஃப்-17 பார்த்தார்கள். தேஜஸும் பேச்சில் இருந்தது. 1982 ஃபாக்லாண்ட் போருக்குப் பிறகு பிரிட்டன் அர்ஜென்டினாவுக்கு ராணுவச் சாமான் போக விடுவதில்லை. 2020இல் கேஏஐ கடிதமே எழுதிவிட்டது: எங்கள் விமானத்தில் ஆறு முக்கியப் பாகம் பிரிட்டனுடையது, மன்னிக்கவும்.

மேலே அட்டவணையில் எஜெக்‌ஷன் சீட்டுக்கு ஏன் ஒரு வரி வைத்தேன் என்று இப்போது புரியும். உலகத்தின் பாதிப் போர் விமானிகள் உட்காருவது லண்டனுக்குப் பக்கத்தில் மார்ட்டின் பேக்கர் செய்யும் சீட்டில். கொரியா, இந்தியா, பாகிஸ்தான், ஸ்வீடன் நாலு பேருமே அங்கேதான் போயிருக்கிறார்கள். எஃப்-16இல் மட்டும் அமெரிக்க சீட். எந்த விமானம் உயர்ந்தது என்ற வாதமே அங்கே எழவில்லை. உட்காரும் நாற்காலியிலேயே பட்டியல் சுருங்கிவிட்டது.

2024 ஏப்ரலில் டென்மார்க்கிடமிருந்து 24 விமானம், சுமார் 30 கோடி டாலர். பையன்கள் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே வருடம் அக்டோபரில் அமெரிக்கா அனுமதித்த ஆயுதம், பராமரிப்பு, பயிற்சிப் பொதியின் உச்சவரம்பு 94 கோடி டாலர். விமானத்தைப் போல மூன்று மடங்கு. எஃப்-16இன் காற்று உறிஞ்சும் வாய் தரைக்கு மிக அருகில் இருக்கிறது. ஓடுதளத்தில் ஒரு சின்னக் கல் கிடந்தாலும் எஞ்சினுக்குள் போய்விடும். அதனால் தளங்களையும் சீர் செய்ய வேண்டும். அவர்களிடம் இருக்கும் கேசி-130 டாங்கர்கள் குழாய் விட்டு எரிபொருள் ஊற்றும் வகை. எஃப்-16க்கு வேண்டியது முதுகில் வந்து குத்தும் கம்பி வகை. ஆக, டாங்கர் இருந்தும் வானில் எரிபொருள் நிரப்ப முடியாது. முதல் ஆறு 2025 டிசம்பரில் வந்து சேர்ந்தன.

ருமேனியாவுக்கு இதே வழி சுகமாக அமைந்தது. நார்வேயிடமிருந்து 32 விமானம், 38.8 கோடி யூரோ. அதற்கு முன்பே போர்ச்சுகலிடம் 17 வாங்கி ஓட்டிப் பழகிவிட்டார்கள். மெக்கானிக் உண்டு, நேட்டோ பக்கத்தில் உண்டு. பழைய வண்டி வாங்குகிறவருக்கு நல்ல ஒர்க்‌ஷாப் தெரிந்திருக்க வேண்டும், அதே கதை. விமானத்தில் மிச்சமிருக்கும் ஆயுள் மட்டும் யாருக்கும் நீளாது. இருபது வருடத்துக்குள் மறுபடியும் கடைத்தெருவுக்கு வர வேண்டியிருக்கும்.

புது எஃப்-16 வாங்கலாமே என்றால், பல்கேரியா 2019இல் 8க்குக் கொடுத்தது 125 கோடி டாலருக்கு மேல். கிரிப்பனின் புதிய வகையும் அப்படித்தான். கொலம்பியா 2025இல் 17க்கு 310 கோடி யூரோ. இரண்டும் நல்ல விமானங்கள், ஆனால் சின்ன பட்ஜெட் கட்டுரையில் அவற்றுக்கு இடமில்லை.

## எனக்குத் தோன்றுவது

பயிற்சியும் காவலும் ஒரே விமானத்தில் வேண்டும், சொன்ன தேதிக்கு வேண்டும் என்றால் எஃப்ஏ-50. வாஷிங்டனும் லண்டனும் கதவைச் சாத்திவிட்டால் ஜேஎஃப்-17, கண்ணைத் திறந்துகொண்டு. நாலைந்து வருடத்துக்குள் வானத்தைக் காக்க ஏதாவது வேண்டும், எஃப்-16 தெரிந்த நண்பர்கள் இருக்கிறார்கள் என்றால் செகண்ட் ஹேண்ட். சொந்த ஆயுதமும் சொந்தத் தொழிற்சாலையும் கணக்கில் வந்தால் தேஜஸ், எஞ்சின் வந்து சேர்கிற வேகத்தை மாதா மாதம் பார்த்துக்கொண்டு.

அத்தை மகனுக்கு இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மலேசியாவின் திட்டத்தில் இன்னொரு 18 பாக்கி இருக்கிறது. அப்போது என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டான். விலையை விடுடா, இரண்டு விஷயம் மட்டும் பார் என்றேன். முதல் 18உம் சொன்ன மாதத்தில் வந்ததா? ஏஐஎம்-120ஐ அந்த விமானத்திலிருந்து உண்மையிலேயே ஏவிப் பார்த்துவிட்டார்களா, இல்லை இன்னும் படத்தில்தான் தொங்குகிறதா?